நிரோஜனின் அச்சரக்கூடு

அக்கராயன்
11.02.2024

அன்புள்ள விமலா,

நிரோஜன் பிறந்து மூன்றாம் மாதம் என்று நினைக்கிறேன். ஊர்ச் சனமெல்லாம் வந்து அவன் யாரைப் போல என்று வாதாடிவிட்டுப் போன ஒரு மாலையில், தொட்டிலை ஆட்டிக்கொண்டு நீர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர். "மாஸ்ரர், இந்தப் பிள்ளையிலை நான் எவ்வளவு, நீங்கள் எவ்வளவு?" சரிபாதி என்று சொன்னேன். "பத்து மாசம் சுமந்தவளுக்கும் பாதி, பார்த்துக்கொண்டு நிண்டவருக்கும் பாதியோ? இதென்ன நியாயம்?" என்று கேட்டுச் சிரித்தீர். அன்றைக்கு அந்தக் கேள்வியை நானும் சிரித்தே கடந்துவிட்டேன். இப்போது அதற்குச் சரியான பதில் சொல்லவேண்டிய வேளை வந்திருக்கிறது.

தொலைபேசியில் பேசினால் உமக்குக் காது சரியாகக் கேட்காது. சாரங்காவின் கையில் கொடுத்தால் நான் சொல்வதில் பாதியை விழுங்கிவிட்டு உமக்கு நோகாத பாதியை மட்டும் சொல்லுவாள். மகள் நல்லவள், ஆனால் தூது போகத் தெரியாது. அதனால்தான் கடிதம்.

முல்லைத்தீவுப் பக்கம் வாய்க்கால் வெட்டிய இடத்தில் எலும்புகள் வந்தது உமக்கும் தெரிந்திருக்கும். சண்டையின் கடைசி மாதங்களில் நாங்கள் பதுங்குகுழி வெட்டி இருந்த இடத்திலிருந்து அது தூரமில்லை. நிரோஜன் தண்ணீர்க் கானைத் தூக்கிக்கொண்டு போய்த் திரும்பாத திசையும் அதுதான். நீதிமன்ற அனுமதியோடு எலும்புகளை ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள். பிள்ளைகளைத் தொலைத்தவர்களிடம் மாதிரி எடுக்கிறார்கள். நானும் பெயர் கொடுத்திருக்கிறேன்.

அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதை எனக்குத் தெரிந்த மாதிரிச் சொல்கிறேன். எங்கள் ஒழுங்கையில் எல்லா வேலியும் கதியால் தடி நட்ட வேலிதான். ஆனால் இரண்டு தூணுக்கு இடையில் ஒரு வீட்டில் ஒன்பது கதியால் இருக்கும், அடுத்த வீட்டில் பன்னிரண்டு இருக்கும். எங்கள் உடம்பின் ஒவ்வொரு கலத்திலும் அப்படிப்பட்ட வேலிகள் இருக்கின்றன. ஒரே சிறிய துண்டு திரும்பத் திரும்ப வரிசையாக நடப்பட்ட இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு வேலி. ஒன்று தகப்பன் கொடுத்தது, மற்றது தாய் கொடுத்தது. அப்படி இருபது இடமளவில் எண்ணிப் பார்த்தால், ஒருவருக்கு வரும் எண்கள் இன்னொருவருக்கு அப்படியே வருவது நடக்காத காரியம்.

இப்போது உமது கேள்விக்கு வருகிறேன். என் மாதிரியை மட்டும் வைத்துப் பார்த்தால் நிரோஜனின் பாதி வேலிகள்தான் தெரியும். பழுதுபட்ட எலும்பில் அது போதாது என்கிறார்கள். மற்றப் பாதி உம்மிடம் இருக்கிறது. வவுனியாவிலேயே எடுக்கலாம். ஊசி இல்லை, கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தடவுவார்கள், அவ்வளவுதான்.

யோசித்துப் பாரும்.

யோகநாதன்

*

வவுனியா
20.02.2024

மாஸ்ரருக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல முப்பது வருஷம் எடுத்த வாத்தியாரை நான் வேறெங்கும் காணவில்லை.

நீங்கள் வேலி, கதியால் என்று நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் விளங்குகிறது. நான் கேட்பதற்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். உங்களுக்கு ஏன் இந்தச் சோதனை? என்னைக் கேட்காமல் கீரிமலைக்குப் போய் என் பிள்ளைக்கு அந்தியேட்டிக் கிரியை செய்துவிட்டு வந்தவர் நீங்கள். மரணச் சான்றிதழும் எடுத்தாயிற்று. ஒவ்வொரு வைகாசியும் ஐயரைக் கூப்பிட்டுத் திவசம் கொடுக்கிறீர்கள். உங்கள் கணக்கில் அவன் முடிந்துபோனவன். முடிந்த கணக்கை ஏன் திரும்பப் பார்க்க வேண்டும்?

என் கணக்கு முடியவில்லை. பேச்சியம்மா பொய் சொல்லும் மனுசி இல்லை. சண்டை முடிந்து எங்களை அடைத்திருந்த முகாமில் எனக்குப் பக்கத்துக் கூடாரத்தில் இருந்தவள். என் கையைப் பிடித்துச் சொன்னாள். "ஓமடி விமலா, ஓமந்தையிலை பஸ்ஸிலை ஏத்தேக்கை கண்டனான். உன்ரை பெடியன்தான். நீலச் சேட்டு. கூப்பிட்டனான், சத்தத்திலை கேக்கேல்லை." ஓமந்தையில் ஏறிய பஸ் எங்கே வரும்? வவுனியாவுக்குத்தானே வரும்? அதனால்தான் நான் இங்கே இருக்கிறேன். உங்களோடு கோபித்துக்கொண்டு வந்தேன் என்று ஊரில் கதைக்கிறார்களாம். அதுவும் உண்மைதான். ஆனால் பாதி உண்மை.

நீங்கள் கேட்கும் பஞ்சுக் குச்சியை என் வாயில் வைத்தால், நான் அந்தக் குழிக்குள் என் பிள்ளையைத் தேடுகிறேன் என்று ஆகிவிடும். ஒரு தாய் தேடினால் அவன் அங்கேதான் கிடப்பான். எனக்கு அது வேண்டாம்.

சாரங்கா கொடுத்தால் கொடுக்கட்டும். என்னைக் கேட்க வேண்டாம்.

விமலேஸ்வரி

*

அக்கராயன்
03.03.2024

அன்புள்ள விமலா,

உமது கோபத்தை ஒரு தரம் வாசித்தேன். பிறகு நீர் கோபமாக எழுதினாலும் எழுதியிருக்கிறீரே என்பதற்காக இன்னொரு தரம் வாசித்தேன்.

ஏன் இந்தச் சோதனை என்று கேட்டீர். நேராகச் சொல்கிறேன். கீரிமலையில் நான் கடலில் விட்ட பிண்டம் வெறும் சோற்றுருண்டை. அதற்குள் அவனுடையது என்று ஒன்றுமில்லை. அவனுடைய ஒரு எலும்பையாவது என் கையால் தொட்டு வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அவன் இல்லை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எங்கே என்பதுதான் தெரிய வேண்டும். தெரிந்தால் நீரும் இங்கே திரும்பி வருவீர் என்ற ஆசையும் அதற்குள் இருக்கிறது. அதை மறைத்து எழுத எனக்கு வராது.

நான் மாதிரி கொடுத்தாயிற்று. எடுத்த பிள்ளையின் பெயர் ஸுல்பா. முல்லைத்தீவு ஆட்கள். தொண்ணூறில் புத்தளத்துக்கு இடம்பெயர்ந்து, அங்கே படித்து, இப்போது குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பியிருக்கிறாள். "வாயைத் திறங்கோ சேர். பயப்படாதீங்கோ, பல்லுப் பிடுங்கமாட்டன்" என்றாள். "பிடுங்க என்னட்டை மிச்சம் இருந்தால்தானே பிள்ளை" என்றேன். வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தார்கள். அப்படியொரு இடத்தில் சிரிப்பு வந்தது எனக்கே புதுமையாக இருந்தது.

எலும்பை என்ன செய்வார்கள் என்று அவளைக் கேட்டேன். வெளிப்பக்கத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே இருப்பதைக் கடும் குளிரில் உறையவைத்து மாவாக அரைக்கிறார்களாம். அந்த மாவை மருந்துநீரில் ஊறவைத்து, கரைந்து வருவதிலிருந்து டி.என்.ஏ.யை மட்டும் பிரித்தெடுக்கிறார்கள். அது மிகக் கொஞ்சம் என்றபடியால் திரும்பத் திரும்பப் படியெடுத்துப் பெருக்குகிறார்கள். பிறகுதான் எண்ணுவது. மண்ணில் உப்பும் வெப்பமும் இருந்தால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். கறையான் தின்ற பத்திரிகையை நினைத்துப் பாரும். பெரிய கட்டுரை ஒன்றும் முழுசாக இராது, ஆனால் இரண்டு வரி விளம்பரம் எங்காவது தப்பியிருக்கும். அவர்கள் வாசிப்பது அந்த இரண்டு வரியைத்தான்.

நீர் தேடினால் அவன் அங்கே கிடப்பான் என்று எழுதியிருந்தீர். நான் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பித்தவன். ஒரு பாத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்பது பார்ப்பதால் மாறாது. திறந்து பார்த்து வெறுமையாக இருந்தால் அதுவும் ஒரு விடைதான்.

அறுவடை முடிந்தது. புது அரிசியில் சோறு ஆக்கினேன். உப்பு இரண்டு தரம் போட்டுவிட்டேன் போல. சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

யோகநாதன்

*

வவுனியா
22.03.2024

மாஸ்ரருக்கு,

உங்கள் பாத்திரக் கதையைச் சாரங்காவிடம் வாசித்துக் காட்டினேன். "அப்பா சொல்லுறது சரிதானேம்மா" என்றாள். இரண்டு பேரும் ஒரே பக்கம். நான் ஒருத்தி மற்றப் பக்கம்.

நன்றாக யோசித்தேன். என் வாயிலிருந்து ஒன்றும் தரமாட்டேன். ஆனால் நிரோஜனையே தருகிறேன்.

அவனுடைய அச்சரக்கூடு என்னிடம் இருக்கிறது. பிறந்து விழுந்த தொப்புள்கொடியைக் காயவைத்து வெள்ளிக் கூட்டுக்குள் வைத்து அரைஞாணில் கட்டினோமே, அதுதான். பள்ளிக்கூடம் போகத் தொடங்கினதும் வெட்கமாக இருக்கிறதென்று கழற்றித் தந்தான். இடம்பெயர்ந்த இடமெல்லாம் என் தாலிக்கொடியோடு சேர்த்து முடிந்துகொண்டு திரிந்தேன். தாலியைக் கழற்றி விற்ற நாளிலும் அதை விடவில்லை. கொடி அவனுடைய தசைதானே. அதில் அவனுடைய முழு வேலியும் இருக்காதா? என்னுடைய பாதி, உங்களுடைய பாதி என்று கூட்டிக்கழிக்கத் தேவையில்லை. அது அந்த எலும்போடு சேராது என்று எனக்குத் தெரியும். சேராது என்பதைக் காட்டத்தான் தருகிறேன்.

சாரங்கா நாளை கொண்டுபோய்க் கொடுப்பாள். அனுப்புவதற்கு முதல் கொடியை வெளியில் எடுத்து மஞ்சள் தண்ணீரில் கழுவிச் சந்தனம் பூசினேன். கண்டவர்கள் கையெல்லாம் படப்போகிறது, சுத்தமாகப் போகட்டும் என்றுதான். சாமிப் படத்தடியில் வைத்துக் கும்பிட்டு, சாரங்காவையும் பேத்தியையும் ஒருதரம் கண்ணில் ஒற்றிக்கொள்ளச் சொன்னேன். பேத்தி கொஞ்சியும் விட்டாள். பிறகு மூடிப் பட்டுத்துணியில் சுற்றினேன்.

பத்திரமாகத் திரும்ப வர வேண்டும். அதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

விமலேஸ்வரி

*

அக்கராயன்
16.06.2024

அன்புள்ள விமலா,

குளத்தில் தண்ணீர் வற்றத் தொடங்கிவிட்டது. சிறுபோகத்துக்கு எல்லா வயலுக்கும் தரமாட்டார்கள். நான் பயறு போட்டிருக்கிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். கொடியைக் கொடுக்க நினைத்தது உமது யோசனை. முப்பது வருஷம் உயிரியல் படிப்பித்த எனக்கு அது தோன்றவில்லை. ஸுல்பா கேட்டதும் எழும்பி நின்றுவிட்டாள். "சேர், இது அவர்ட சொந்த மாதிரி. இது கிடைக்கிறது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? யாருக்கு இந்த மூளை வந்தது?" என்று கேட்டாள். "என் மனைவிக்கு" என்று சொன்னேன். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இனி, வந்திருக்கும் செய்தி. கொடியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிச் சோதித்திருக்கிறார்கள். மஞ்சளும் சந்தனமும் படியெடுக்கும் வேலையை மந்தமாக்கிவிட்டனவாம். அதைச் சுத்தப்படுத்தித் திரும்பச் செய்தபோது ஓரிடத்தில் இரண்டு எண்தான் வர வேண்டும், மூன்று நான்கு எண்கள் வந்திருக்கின்றன. ஒருவருடையது அல்ல, பலருடைய கலங்கள் கலந்திருக்கின்றன. தொட்ட விரலிலிருந்தும் கொஞ்சிய உதட்டிலிருந்தும் வந்தவை. ஆகக் கூடுதலாக இருப்பது ஒரு பெண்ணுடையது. அது நீராகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு கூட்டத்தில் பலர் ஒரே நேரத்தில் பேசினால் அந்நியரின் குரலைப் பிரித்துவிடலாம். தாயும் பிள்ளையும் பேசினால் பிரிப்பது கடினம், குரலில் பாதி ஒன்று. உமது குரல் தனியே இன்னதென்று தெரிந்தால் அதை விலக்கிவிட்டு மற்றதைக் கேட்கலாம். சாரங்காவும் பேத்தியும் கொடுத்துவிட்டார்கள். இனி நீர்தான்.

நான் இதை வேண்டுமென்று கேட்கவில்லை, விமலா. நிலைமை அப்படி வந்துவிட்டது.

யோகநாதன்

*

வவுனியா
30.06.2024

மாஸ்ரருக்கு,

கழுவினது குற்றமா? கும்பிட்டது குற்றமா?

வெள்ளிக்கிழமை தோறும் அதைத் திறந்து பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தெரியாது, சாரங்காவுக்கும் தெரியாது. கொடியை உள்ளங்கையில் வைத்து, அவனோடு கொஞ்சநேரம் கதைத்துவிட்டு மூடுவேன். ஒரு வெள்ளியும் தவறவிட்டதில்லை. அவனை மறக்காமல் இருக்கச் செய்ததுதான் இப்போது அவனை மறைத்துவிட்டது என்கிறீர்கள்.

என் கை பட்டுப் பட்டு என் பிள்ளை தேய்ந்துபோனானா? அதை மட்டும் விசாரித்து எழுதுங்கள். வேறொன்றும் எழுத வேண்டாம்.

விமலேஸ்வரி

*

அக்கராயன்
05.07.2024

விமலா,

கடிதம் கிடைத்த அன்றே பஸ் ஏறிப் போய் ஸுல்பாவைக் கேட்டுவிட்டு வந்தேன்.

தேயவில்லை. கொடியின் வெளிப்பக்கத்தில்தான் நீர் இருக்கிறீர். உள்ளே அவன் இருக்கிறான். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உம்மாட கை பிள்ளைக்கு மேல கிடக்குது, சேர். அவ்வளவுதான். அந்தக் கையை எடுத்தாத்தான் பிள்ளையப் பார்க்கலாம். எடுக்கிறதுக்கு அது யாருட கையெண்டு எங்களுக்குத் தெரியோணும்."

கொடி உலர்ந்தபடி மூடிக்கிடந்ததால்தான் இவ்வளவு காலமும் பழுதாகவில்லையாம். மண்ணுக்குள் போயிருந்தால் எப்போதோ போயிருக்கும். அதை நெஞ்சோடு கொண்டுதிரிந்தது நீர்தான்.

நீர் கொடுக்காவிட்டாலும் எனக்குக் கோபம் இல்லை. இதற்கு மேல் நான் கேட்கமாட்டேன்.

யோகநாதன்

*

வவுனியா
25.07.2024

நிரோஜனின் அப்பாவுக்கு,

கொடுத்துவிட்டேன்.

ஸுல்பா இங்கே வந்திருந்தாள். நான் வெத்திலையோடு போய் நின்றேன். "அம்மா, இந்த வாயில குச்சி வைச்சா பாக்கோட வேலிதான் எண்ண வரும். போய்க் கொப்பளிச்சிட்டு வாங்கோ" என்றாள். உங்கள் வேலிக் கதையை அவளும் பிடித்துக்கொண்டாள் போல. மூன்று தரம் கொப்பளிக்க விட்டாள். பிறகு அரைமணித்தியாலம் ஒன்றும் வாயில் வைக்காமல் கதிரையில் இருக்கச் சொன்னாள். வெத்திலை இல்லாமல் அவ்வளவு நேரம் நான் இருந்ததே பெரிய காரியம்.

இருக்கும்போது அவளைக் கேட்டேன். "பிள்ளை, நான் குடுத்தால் அவன் செத்தவனெண்டு நான் ஒத்துக்கொண்ட மாதிரியோ?" அவள் கையுறையைக் கழற்றிவிட்டு எனக்குப் பக்கத்தில் வந்து இருந்தாள். "இல்லை அம்மா. நீங்க உங்கட கையைத்தான் எடுக்கிறீங்க. மகனை விடேல்ல" என்றாள். உண்மையோ, என்னைத் தேற்றச் சொன்னாளோ, தெரியாது. நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். எலும்புக்காக நான் ஒன்றும் கொடுக்கவில்லை. என் கையை எடுக்கத்தான் கொடுத்தேன். இதை நீங்களும் நினைவில் வைத்திருங்கள்.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் கை வெறுமையாக இருக்கிறது. என்ன செய்வதென்று தெரியாமல் பஸ் நிலையம் வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும் என்று கனகாலமாக நினைத்திருந்தேன். சாரங்கா எத்தனை தரம் கூப்பிட்டாள், அப்பா, தனிய இருக்க வேண்டாம், வவுனியாவுக்கு வாங்கோ என்று. ஏன் வரவில்லை? வயல் என்று சொன்னீர்கள். வயலைக் குத்தகைக்குக் கொடுக்கலாம். என் முகத்தில் முழிக்க விருப்பமில்லை என்று நான் நினைத்திருந்தேன். கடிதங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

விமலேஸ்வரி

*

அக்கராயன்
19.01.2025

அன்புள்ள விமலா,

நேற்று எங்களைக் கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். சாரங்காவுக்குத் தொலைபேசியில் சொல்லி, உம்மிடம் சொல்ல வேண்டாம், நான் எழுதுகிறேன் என்று தடுத்துவைத்திருக்கிறேன். பாவம், ஒரு நாளில் வெடித்துவிடுவாள். ஆகையால் முதலில் முடிவைச் சொல்கிறேன்.

நிரோஜன் அங்கே இல்லை.

உமது மாதிரி கிடைத்த பிறகு, கொடியின் உள்பகுதியிலிருந்து இன்னொரு துண்டு எடுத்துச் செய்தார்கள். இந்த முறை ஓரிடத்துக்கு இரண்டு எண்தான் வந்தது. ஒவ்வோர் இடத்திலும் ஒன்று உம்முடையது, ஒன்று என்னுடையது. ஸுல்பா தாளில் விரலை வைத்துக் காட்டினாள். நான் வரிசையாக வாசித்துக்கொண்டு வந்தேன். பன்னிரண்டு, நீர். பதினைந்து, நான். எட்டு, நான். பதினொன்று, நீர். எங்கள் பிள்ளை, விமலா. பிறந்தபோது கையில் வாங்கியது போல இருந்தது.

அந்த எண்கள் அங்கிருந்து எடுத்த எந்த எலும்போடும் சேரவில்லை. நான் உண்மையை முழுதாகச் சொல்ல வேண்டும். சில எலும்புகளில் வாசிக்கக்கூடிய எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் அவன் இல்லை. இனி எங்கே தோண்டினாலும் அவனுடைய எண்களோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம்.

மண்டபத்தில் எனக்குப் பக்கத்தில் ஜெயபுரம் ஏரம்பு இருந்தார். மகளைத் தேடியவர். அவருடைய பெயரைச் சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள். திரும்பி வந்து என் கையைப் பிடித்தார். "மாஸ்ரர், என்ரை பிள்ளை கிடைச்சிட்டுது" என்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கொஞ்சம் பொறுத்து, "உங்கடை பெடியன்?" என்று கேட்டார். இல்லை என்றேன். "ஐயோ, பாவம்" என்று என் தோளைத் தடவினார். அவர் எனக்காக இரங்கினார், நான் அவருக்காக இரங்கினேன். இரண்டு பேரும் மற்றவரைத் தேற்றிக்கொண்டு நின்றோம்.

வெளியில் வந்து முன்னால் இருந்த கடையில் தேத்தண்ணி கேட்டேன். சீனி போடவோ என்று கேட்டான். இரண்டு கரண்டி போடச் சொன்னேன். எனக்குச் சலரோகம் வந்து எவ்வளவு காலம். குடித்துக்கொண்டிருக்கும்போது ஸுல்பா அந்த வழியால் வந்தாள். என்னைப் பார்த்து நின்றுவிட்டாள். "சேர், உங்கட முகத்தைப் பார்த்தா நான் ரிசல்ட்டை மாத்தி வாசிச்சிட்டன் போல கிடக்குது" என்றாள். அப்போதுதான் தெரிந்தது, நான் சிரித்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஒரு எலும்பாவது கிடைக்க வேண்டும் என்று எழுதியவன் நான். கிடைக்கவில்லை என்றதும் என் நெஞ்சு இப்படித் துள்ளுவது ஏன்? பஸ்ஸில் வரும்போது முழுக்க அதைத்தான் யோசித்தேன். கிளிநொச்சியில் இறங்கி அக்கராயன் பஸ்ஸுக்கு நிற்கும்போது, அங்கே நின்ற ஒவ்வொரு முப்பது வயது ஆணின் முகத்தையும் பார்த்தேன். நேற்று மட்டும் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. எப்போதும் பார்ப்பேன் போல. அப்படிப் பார்க்கிறேன் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

ஏன் வவுனியாவுக்கு வரவில்லை என்று கேட்டிருந்தீர். ஆறு மாதமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த விலாசம் இந்த ஒன்றுதான், விமலா. வேறு காரணம் இல்லை.

கொடியின் மிச்சத்தை அச்சரக்கூட்டோடு திருப்பித் தந்துவிட்டார்கள். என்னிடம் இருக்கிறது. தபாலில் அனுப்ப மனமில்லை.

யோகநாதன்

*

வவுனியா
27.01.2025

இஞ்சேருங்கோ,

கடிதத்தைப் பிரித்து முதல் வரிகளை வாசித்ததும் சாரங்காவைக் கூப்பிட்டேன். ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். பேத்தி, "அம்மம்மா, மாமா வாறாரோ?" என்று கேட்டாள். இந்த முறை அந்தக் கேள்விக்காக யாரும் அவளை அடக்கவில்லை.

பிறகு தனியே இருந்து மிச்சத்தை வாசித்தேன். ஏரம்பரை நினைத்து அழுதேன். அவருக்கு நல்லது நடந்ததா கெட்டது நடந்ததா என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவருடைய மனைவி உயிரோடு இருந்தால் என்னுடைய வணக்கத்தைச் சொல்லுங்கள்.

உங்களை நினைத்தும் அழுதேன். நான் மட்டும்தான் காத்திருக்கிறேன் என்று இவ்வளவு காலமும் இறுமாந்திருந்தேன். நீங்கள் கைகழுவிவிட்டீர்கள் என்று என் தங்கச்சியிடமும் அயலிலும் சொல்லாத நாளில்லை. நீங்கள் அந்தப் பக்கம் இருந்து பார்க்கிறீர்கள், நான் இந்தப் பக்கம் இருந்து பார்க்கிறேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே இரண்டு பேருக்கும் வயது போய்விட்டது.

நான் வருகிறேன். காத்திருந்தது போதும் என்று வரவில்லை, அதை விளங்கிக்கொள்ளுங்கள். ஓமந்தை பஸ் வவுனியாவுக்கு வந்து கனகாலம். வந்தவன் வீட்டைத் தேடியிருந்தால் அக்கராயனுக்குத்தான் வருவான். அவன் சின்ன வயதில் பால் விட்டுக் குழைத்த புதுநெல்லுச் சோறு என்றால் இரண்டாம் தரமும் கேட்பான். அறுவடைக்கு ஒருவர் சமைக்கவும் வேண்டும். நீங்கள் உப்பை இரண்டு தரம் போடும் ஆள்.

ஒரு நிபந்தனை. இந்த வைகாசியில் திவசம் இல்லை. ஐயரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இன்னொரு இடத்தில் தோண்டி, என்றைக்காவது அவனுடைய எண்கள் வந்தால், அப்போது இரண்டு பேருமாகப் போவோம். அதுவரைக்கும் வேண்டாம்.

அச்சரக்கூட்டை ஈரம் படாத இடத்தில் வையுங்கள். நீங்கள் வேண்டுமென்றால் திறந்து பார்க்கலாம். கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று சொல்ல வந்தேன். வேண்டாம். அப்படியே தொடுங்கள்.

எந்த பஸ் நல்லது என்று எழுதுங்கள்.

விமலா

*

அக்கராயன்
02.02.2025

அன்புள்ள விமலா,

ஐயரிடம் சொல்லிவிட்டேன். "ஏன் மாஸ்ரர், என்ன நடந்தது?" என்று கேட்டார். "வீட்டிலை வேண்டாமாம்" என்றேன். வீட்டில் ஆள் இல்லையே என்று அவருக்குத் தெரியும். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நேற்றுத் திறந்து பார்த்தேன். அவ்வளவு சிறியதென்று எனக்கு மறந்தே போயிருந்தது. உமக்கு இருப்பது போல் கதைப்பதற்கு எனக்கு ஒன்றும் வரவில்லை. கொஞ்சநேரம் உள்ளங்கையில் வைத்திருந்தேன்.

நெல்லு சரிந்துவிட்டது. வருகிற கிழமை வெட்ட வேண்டும். வெட்டும் மெஷினுக்குச் சொல்லியிருக்கிறேன், நீர் வந்த பிறகு வந்தால் போதும் என்று. குசினியைக் கழுவினேன். உமது அம்மியை நான் பாவிப்பதில்லை, ஆனால் உடையாமல் இருக்கிறது.

காலையில் யாழ்ப்பாணம் போகும் பஸ்ஸில் ஏறிக் கிளிநொச்சியில் இறங்கும். சந்தையடியில் நான் நிற்பேன். அந்த பஸ்ஸில் சாரதி இருக்கும் பக்கம் முழுக்கக் கிழக்கு வெயில் அடிக்கும், உமக்குத் தலையிடி வந்துவிடும். இடப்பக்கமாகப் பார்த்து, ஜன்னலோரம் இரும்.

யோகநாதன்